பொம்பெய்: எந்தப் படத்தை நம்பிப் பார்க்கலாம்?

இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோம நகரமான பொம்பெய் பற்றிய எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கவனிப்பது, அந்த வெள்ளை மனித உருவங்களை அது எப்படி நடத்துகிறது என்பதைத்தான். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, இறந்தவர்களைச் சுற்றிச் சாம்பல் இறுகியது. சதை மக்கிப்போன இடத்தில் அதே வடிவில் பொந்து மிஞ்சியது. 1863-இல் தொல்லியலாளர் ஜியூசெப்பே ஃபியோரெல்லி அதற்குள் பிளாஸ்டர் ஊற்ற, ஆடையின் மடிப்பும் முகத்தை மூடிய கையும் அப்படியே வெளிவந்தன. உள்ளே எலும்புகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைச் சிலைபோல் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

2014-இல் பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன் எடுத்த ‘பொம்பெய்’ திரைப்படத்தில் நெருப்பு உருண்டைகள் வானிலிருந்து விழுகின்றன. கடல் பொங்கி, கப்பல் ஒன்று தெருவுக்குள் பாய்ந்து வருகிறது. உண்மையில் பொம்பெய் மீது பல மணி நேரம் பெய்தது எரிமலை கக்கிய நுரைக்கல். கூரைகள் பாரம் தாங்காமல் சரிந்தன. மறுநாள் காலையில்தான் சாம்பலும் கொதிக்கும் வாயுவும் கலந்த அலை வந்து மிச்சமிருந்தவர்களைக் கொன்றது. ஓடிவிடலாமா, வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கலாமா என்று தவித்த அந்த நெடும்பொழுதுதான் இந்தக் கதையின் உயிர். படம் அதைத் தொலைத்துவிட்டது. கடைசியில் காதலர்கள் முத்தமிட்டபடியே உறைந்துபோகிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

பிபிசி 2003-இல் தயாரித்த ‘பொம்பெயின் கடைசி நாள்’ அந்தக் கால ஓட்டத்தை மதிக்கிறது. நடிகர்களை வைத்து எடுத்ததுதான் என்றாலும், அந்த வெடிப்பைத் தூரத்திலிருந்து நேரில் பார்த்த இளைய பிளினியின் கடிதங்களையும் அகழாய்வில் கிடைத்தவற்றையும் பற்றிக்கொண்டு நடக்கிறது. அகழாய்வில் வெளிப்பட்ட ஜூலியஸ் பொலிபியஸ் வீட்டில் நடக்கும் காட்சிகளில் நுரைக்கல் விழும் ஓசையே பயமுறுத்துகிறது. ஆனால் கிடைத்த எலும்புகளுக்கு உறவுமுறை சூட்டிக் கதை சொல்வது ஆபத்தான வேலை. ‘தங்கக் காப்பு வீடு’ என்ற இடத்தில் குழந்தையோடு கிடைத்த உருவத்தைத் தாய் என்றே பல காலம் சொல்லிவந்தார்கள். 2024-இல் வெளியான மரபணு ஆய்வு, அது ஓர் ஆண் என்றும் குழந்தைக்கு இரத்த உறவே இல்லை என்றும் காட்டியது. கையில் காப்பு இருந்தால் பெண், மடியில் குழந்தை இருந்தால் தாய் என்று நாம்தான் முடிவு கட்டிவிட்டோம்.

அதனால்தான் 2024-இல் வந்த மூன்று பகுதி பிபிசி தொடர் எனக்கு நெருக்கமாக இருக்கிறது. புதிய அகழாய்வு நடக்கும்போதே உடனிருந்து எடுத்தது. அடுக்கி வைத்த ஓடுகள், கட்டுமானத்துக்குக் குவித்த பொருள்கள் என்று, வேலை பாதியில் நின்றுபோன ஒரு வீடு மண்ணுக்குள்ளிருந்து எழுகிறது. பக்கத்திலேயே ஒரு ரொட்டிக்கூடம்: சன்னலில் இரும்புக் கம்பி, தரையில் மாவரைக்கும் கழுதைகள் சுற்றிச் சுற்றி வரக் கால் வைத்த பள்ளங்கள். அடிமைகளும் அந்த விலங்குகளும் ஒன்றாக அடைபட்டிருந்த இடம் அது. அந்தப் பள்ளங்களைப் பார்த்த பிறகு கிராபிக்ஸ் எரிமலை எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை.

பிங்க் ஃபிளாய்ட் ராக் இசைக்குழு 1971-இல் பொம்பெயின் காலியான வட்டரங்கில் வாசித்த படத்தை, கல் படிகளின் வெறுமைக்காக ஒருமுறை பார்க்கலாம். வரலாறு அதில் இல்லை.

மிச்சம் இருப்பது இத்தாலிய இயக்குநர் ரொசெல்லினியின் 1954-ஆம் ஆண்டு ‘இத்தாலிப் பயணம்’. முழுக்கக் கற்பனை. பிரியத் துடிக்கும் ஓர் ஆங்கிலேயத் தம்பதி அகழாய்வைப் பார்க்க வருகிறார்கள். பிளாஸ்டர் ஊற்றிய இடத்தில் மண்ணை விலக்க விலக்க, துண்டு துண்டாக உறுப்புகள் தெரிகின்றன. கடைசியில் அருகருகே கிடக்கும் ஓர் ஆணும் பெண்ணும். கணவன் மனைவியாக இருக்கலாம் என்ற ஊகத்தோடு அங்கிருப்பவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். மனைவியாக நடிக்கும் இங்க்ரிட் பெர்க்மன் தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.