ஆங்கிலப் பத்தி வாசிப்புப் பயிற்சி: நான்கு வழிகள், எந்தப் பிள்ளைக்கு எது?

‘சிளுப்பன் அந்தி நேரத்தில் இரண்டு மொட்டல்களை ஞெகிட்டினான்.’

கேள்வி: சிளுப்பன் எவற்றை ஞெகிட்டினான்? இரண்டு மொட்டல்களை. எப்போது ஞெகிட்டினான்? அந்தி நேரத்தில். இரண்டுக்கும் முழு மதிப்பெண். மொட்டல் என்பது தின்கிற பொருளா, உடுத்துகிற பொருளா என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

எட்டாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கும் நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலப் பத்திக் கேள்விகளுக்கு இப்படித்தான் விடை எழுதுகிறார்கள். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அது இருக்கும் வரியை அப்படியே எடுத்து எழுதிவிடுவார்கள். பத்துக்கு ஏழு வரும். கேள்வி கொஞ்சம் சுற்றி வளைத்து வந்தால் ஏழு மூன்றாகிவிடும். ‘போன மாதம் நன்றாகத்தானே எழுதினான்?’ என்று வீட்டில் குழம்புவார்கள். போன மாதமும் அவனுக்குப் புரிந்திருக்கவில்லை.

இதைச் சரிசெய்ய நம்மிடையே நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: தேர்வு மாதிரிப் பத்திகளைப் போட்டுத் தள்ளுவது, வரிக்கு வரி தமிழில் சொல்லிக் கொடுப்பது, இணையத்தில் கிடைக்கும் படிநிலைப் பத்திகள், கிரேடட் ரீடர் எனப்படும் படிநிலைக் கதைப் புத்தகங்கள். நான்கும் ஒரே வேலையைச் செய்வதாக நினைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு. ஒவ்வொன்றும் வேறு வேறு பழுதைச் சரிசெய்கிறது.

பழுது எங்கே? கால் மணி நேரச் சோதனை

பிள்ளை படிக்கும் வகுப்புக்கு ஒரு வகுப்புக் கீழே உள்ள, முன்பு படிக்காத 200 சொல் பத்தி ஒன்றை எடுங்கள். அகராதி, போன் எதுவும் வேண்டாம். முதலில் தெரியாத சொற்களைப் பென்சிலால் அடிக்கோடிடச் சொல்லுங்கள். அடுத்து, ஒரு நிமிடத்தில் மனதுக்குள் எதுவரை படித்தான் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பத்தியை மூடிவிட்டு, படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் என்பது முக்கியம். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் புரிந்ததா என்பதை விட்டுவிட்டு, பேச வருகிறதா என்பதைத்தான் சோதிப்பீர்கள்.

அடிக்கோடு பத்தைத் தாண்டினால் பிரச்சினை சொல்வளம். பத்து என்பது குத்துமதிப்பான எண் அல்ல. ஒரு பத்தியை ஓரளவு புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 95 சதவீதமாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வள ஆய்வாளர் பாட்டியா லாஃபர் 1989இல் முன்வைத்த கணக்கு. யார் உதவியும் இல்லாமல் படிக்க 98 சதவீதம் வேண்டும் என்பது ஹூவும் பால் நேஷனும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின் முடிவு. 200 சொல்லில் 5 சதவீதம் பத்து சொல், 2 சதவீதம் வெறும் நான்கு.

அடிக்கோடு நான்கைந்துதான், ஆனால் தமிழில் சொன்ன கதை தலைகீழாக இருக்கிறது என்றால் வாக்கிய அமைப்பு பிடிபடவில்லை. கதை சரியாக வந்து மதிப்பெண் மட்டும் வரவில்லை என்றால் கேள்வியைப் படிப்பதில் கோளாறு. எல்லாம் சரி, நிமிடத்துக்கு 60 சொல்கூடத் தாண்டவில்லை என்றால் வேகம். ஒரே பிள்ளைக்கு இரண்டு பழுதுகள் சேர்ந்தும் இருக்கலாம். அப்போது சொல்வளத்திலிருந்து தொடங்குங்கள்.

மாதிரி வினாத்தாள் பத்திகள்

கடையில் வாங்கும் கைடு, பழைய வினாத்தாள், டியூஷன் தாள் எல்லாம் இந்த வகை. தேர்வின் அச்சு, நேரம், கேள்வி வகை மூன்றும் பழகிவிடும் என்பதுதான் இதன் பலம். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பை எடுத்துக்கொண்டால், 80 மதிப்பெண்ணில் 20 வாசிப்புப் பகுதிக்கு: 400 முதல் 450 சொல் வரை ஒரு கட்டுரைப் பத்தி, 200 முதல் 250 சொல் வரை அட்டவணையோ வரைபடமோ சேர்ந்த ஒரு பத்தி. அட்டவணைப் பத்தியைப் பழகாமல் தேர்வுக்குப் போகும் பிள்ளை தடுமாறத்தான் செய்யும். அதற்குக் கதைப் புத்தகம் உதவாது.

பலவீனம் என்னவென்றால், இது அளந்து காட்டும், வளர்க்காது. காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை நாளுக்கு நான்கு முறை வைப்பதால் காய்ச்சல் இறங்குமா? வாரம் ஐந்து பத்தி எழுதி, ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு, அடுத்த ஐந்துக்குப் போவதில் கிடைப்பது எடுத்து எழுதும் சாமர்த்தியம் மட்டுமே.

இதை உருப்படியாக்க ஒரு வழி உண்டு. வாரம் ஒரே ஒரு பத்தி எழுதட்டும். எழுதி முடித்தபின் தவறிய ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் காரண எழுத்து ஒன்றை அவனே போட வேண்டும். சொல் தெரியவில்லை என்றால் ‘சொ’. வாக்கியம் புரியவில்லை என்றால் ‘வா’. கேள்வியைத் தப்பாகப் படித்தது ‘கே’. பத்தியில் இல்லாததைத் தன் பொது அறிவிலிருந்து எழுதியது ‘த’. எட்டுப் பத்திகளுக்குப் பிறகு எண்ணிப் பாருங்கள். எந்த எழுத்து அதிகமோ, அதற்கான மருந்து இந்த நான்கு வழிகளில் எது என்று தெரிந்துவிடும்.

‘கே’ அதிகம் வரும் பிள்ளைக்கு மட்டும் மாதிரிப் பத்தியே மருந்து. ‘நாட் ட்ரூ’ என்று கேட்டிருக்கும்போது சரியான கூற்றைத் தேர்ந்தெடுப்பது, ‘ஏன்’ என்ற கேள்விக்கு ‘எப்படி’ என்று எழுதுவது போன்றவை. பத்தியைத் தொடும் முன் கேள்விகளில் உள்ள வினாச் சொல்லையும் எதிர்மறைச் சொல்லையும் வட்டமிடும் பழக்கம் வந்தால், மூன்று நான்கு வாரத்திலேயே வித்தியாசம் தெரியும்.

வரிக்கு வரி தமிழில்

இதைக் கேலி செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. முழுப் பத்தியையும் ஆசிரியரே தமிழில் சொல்லிவிடுவது நேர விரயம்தான். பிள்ளை தமிழைக் கேட்டுக்கொண்டிருக்குமே தவிர ஆங்கிலத்தைப் பார்க்காது. ஆனால் ‘வா’ அதிகம் வரும் பிள்ளைக்கு, தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று வாக்கியங்களைத் தமிழோடு ஒட்டிவைத்துப் பார்ப்பதைப் போல வேலை செய்யும் முறை வேறு இல்லை.

ஒரு வாக்கியத்தைக் கிட்டத்தில் பார்ப்போம்: ‘தி பாய் ஹூ சா தி மேன் ஹூ ஸ்டோல் தி சைக்கிள் இஸ் மை கசின்.’ எவன் சொந்தக்காரன் என்று கேட்டால், திருடியவன்தான் என்று நிறையப் பிள்ளைகள் சொல்லும். காரணம், வாக்கியத்தின் வால் பகுதி ‘தி மேன் ஹூ ஸ்டோல் தி சைக்கிள் இஸ் மை கசின்’ என்று தனி வாக்கியமாகவே நின்றுவிடுகிறது. தமிழில் இந்தச் சிக்கல் எழவே எழாது: ‘சைக்கிளைத் திருடியவனைப் பார்த்த பையன் என் மாமா மகன்.’ நம் மொழியில் அடை பெயருக்கு முன்னால் வரும்; ஆங்கிலத்தில் ‘ஹூ’ போட்டுப் பின்னால் வால் வளரும். இந்த இடமாற்றத்தைப் பிடிக்காத பிள்ளைக்கு எத்தனை சொல் தெரிந்தாலும் நீண்ட வாக்கியம் குழப்பும்.

செய்ய வேண்டியது: பென்சிலால் சாய்கோடு போட்டு வாக்கியத்தைத் துண்டாக்குவது. தி பாய் / ஹூ சா தி மேன் / ஹூ ஸ்டோல் தி சைக்கிள் / இஸ் மை கசின். ‘ஹூ’ துண்டுகள் இரண்டையும் விரலால் மறைத்தால் மிச்சம் நிற்பது ‘தி பாய் இஸ் மை கசின்’. பத்து நாள், நாளுக்கு மூன்று வாக்கியம் செய்தால் போதும், கை தானாகக் கோடு போடும்.

இன்னொரு பொறி, மறைந்திருக்கும் எதிர்மறை. ‘நாட்’ என்று கண்ணில் படாவிட்டால் வாக்கியம் உடன்பாடு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். ‘ஹி ஹார்ட்லி ஸ்லெப்ட்’ என்பதை ‘நன்றாகத் தூங்கினான்’ என்று எழுதுவார்கள். பொருளோ ‘தூங்கவே இல்லை என்று சொல்லலாம்’. ‘தி பேக் வாஸ் டூ ஹெவி டு லிஃப்ட்’ என்றால் பையைத் தூக்க முடியவில்லை. அதில் ‘நாட்’ எங்கும் கிடையாது. ‘அன்லெஸ்’, ‘வித்அவுட்’, ‘ஃபெயில்டு டு’, ‘எ’ இல்லாத வெறும் ‘ஃபியூ’ ஆகியவையும் இதே கூட்டம். நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் வாக்கியம் எழுதி வைப்பது அரை நாள் வேலை. இதைத் தமிழ் தொடாமல் சொல்லிக் கொடுக்கப் பார்த்தால் அரை மாதம் ஆகும்.

போன் கேமராவை நீட்டி முழுப் பத்தியையும் மொழிபெயர்த்துக்கொள்வது இந்த வகையில் சேராது. அதில் துண்டாக்கும் வேலையைப் போன் செய்துவிடுகிறது. பிள்ளைக்கு மிச்சம் எதுவும் இல்லை.

இணையப் படிநிலைப் பத்திகள்

பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலிஷ் டீன்ஸ் தளம் 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கானது. இலவசம். ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிநிலை பிரித்து, ஒவ்வொரு பத்திக்கும் முன்னால் சொற்பயிற்சி, பின்னால் கேள்விகள், அச்சிட்டுக்கொள்ள பிடிஎஃப் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். அரசுப் பள்ளி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏ2விலிருந்து தொடங்கிப் பார்த்து, சொற்பயிற்சியிலேயே பாதி தவறினால் ஏ1க்கு இறங்குவது நல்லது. இறங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை; கடினமான பத்தியோடு மல்லுக்கட்டுவதால்தான் பிள்ளை படிப்பதையே வெறுக்கிறது.

நியூஸ் இன் லெவல்ஸ் தளத்தில் ஒரே செய்தியை 1000 சொல் தெரிந்தவருக்கு, 2000 சொல் தெரிந்தவருக்கு, 3000 சொல் தெரிந்தவருக்கு என்று மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். முதல் நிலையில் படித்துச் செய்தியைத் தெரிந்துகொண்டு அதையே மூன்றாம் நிலையில் படித்தால், தெரியாத சொல்லின் பொருளைப் பிள்ளையே ஊகித்துவிடும். நல்ல உத்தி. ஆனால் முதல் நிலையிலேயே தங்கிவிட்டால் ஒரு கேடு இருக்கிறது. வாக்கியத்தை எளிதாக்குவதற்காக நறுக்கும்போது ‘ஆல்தோ’, ‘வேர்ஆஸ்’, ‘தேர்ஃபோர்’ போன்ற இணைப்புச் சொற்கள்தான் முதலில் உதிர்ந்து போகின்றன. தேர்வில் கேள்வி எழுவதோ அவற்றைச் சுற்றித்தான். நறுக்கிய வாக்கியத்தையே தின்று வளர்ந்த பிள்ளைக்கு ‘வா’ பழுது அப்படியே இருக்கும்.

முதல் தலைமுறையாக ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கு, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இன்னும் கீழிருந்து ஏற உதவும். ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைப்பது இதன் வசதி. பெரும்பாலும் சிறு பிள்ளைகளுக்கான கதைகள் என்பதால் 14 வயதுக்காரர் கூச்சப்படலாம். நான்காம் நிலையில் உள்ள அறிவியல், இயற்கைப் புத்தகங்களைக் கொடுத்தால் அந்தக் கூச்சம் குறையும்.

படிநிலைக் கதைப் புத்தகங்கள்

எங்கள் ஓட்டு இதற்கே, சொல்வளமும் வேகமும் குறைந்த பிள்ளை என்றால். ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 தலைச்சொற்களுக்குள் (‘கோ’, ‘வென்ட்’, ‘கோயிங்’ எல்லாம் சேர்ந்து ஒரே தலைச்சொல்), இரண்டாவது 700, மூன்றாவது 1000, நான்காவது 1400 என்று ஏறும். முதல் நிலைப் புத்தகம் ஒன்றே சுமார் 5,000 சொல் ஓடும். 400 சொல் தேர்வுப் பத்திகள் ஒரு டஜனைச் சேர்த்தால்தான் அந்த அளவு வரும். அந்தப் பன்னிரண்டும் பன்னிரண்டு வெவ்வேறு பொருளைப் பற்றியவை. ஒன்றில் பார்த்த புதுச்சொல் அடுத்ததில் வராது. கதையில் அதே சொல் மூன்றாம் பக்கத்தில், ஏழாம் பக்கத்தில், இருபதாம் பக்கத்தில் மறுபடி மறுபடி எதிர்ப்படும். மனதில் ஒட்டுவது அதனால்தான்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க விரல் கணக்கு போதும். நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல் மடக்க வேண்டும். 250 சொல் உள்ள பக்கத்தில் ஐந்து விரலும் மடங்குவதற்குள் பக்கம் முடிந்தால் அந்தப் புத்தகம் சரி. மேலே சொன்ன 98 சதவீதக் கணக்கும் இங்கே ஐந்து சொல்தான்.

இந்த வழி கெட்டுப்போவது பெரும்பாலும் பெரியவர்களால்தான். அத்தியாயத்துக்கு அத்தியாயம் கேள்வி கேட்பது, தெரியாத சொல்லையெல்லாம் நோட்டில் எழுதச் சொல்வது, பிடிக்காத புத்தகத்தை முடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது. பத்துப் பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடட்டும். இன்னொரு வகைப் பிழை, ‘பத்தாவது படிக்கிறவன் ஒல்லிப் புத்தகமா படிப்பான்?’ என்று மூல நாவலை வாங்கிக் கொடுப்பது. அது அலமாரிக்குத்தான் போகும்.

குறை ஒன்றுண்டு: பலன் மெதுவாகத்தான் வரும். இரண்டு மாதம் வரை மதிப்பெண்ணில் அசைவே தெரியாது. டிசம்பரில் தொடங்கி மார்ச்சில் எதிர்பார்ப்பவருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஜூனில் தொடங்க வேண்டிய விஷயம்.

வாரத்தில் மூன்று மணி நேரம் இருந்தால்

‘சொ’ அதிகம் வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். கதைப் புத்தகம் நாளுக்கு 20 நிமிடம், வாரம் ஐந்து நாள். இணையப் பத்தி இரண்டு, தலா 20 நிமிடம். தேர்வுப் பத்தி ஒன்று, காரண எழுத்து போடுவதையும் சேர்த்து 40 நிமிடம். மொத்தம் 180 நிமிடம்.

‘வா’ அதிகம் என்றால் கதைப் புத்தகத்தை மூன்று நாளாகக் குறைத்து, மிஞ்சும் 40 நிமிடத்தைச் சாய்கோட்டு வேலைக்குக் கொடுங்கள். நீண்ட வாக்கியங்களுக்கு வெளியே தேட வேண்டாம்; பிள்ளையின் சமூக அறிவியல், அறிவியல் பாடங்கள் ஆங்கில வழியில் இருந்தால் அவற்றிலேயே தேவைக்கு மேல் கிடைக்கும்.

வேகம் மட்டும் குறை என்றால், ஏற்கெனவே படித்த எளிய பத்தியையே மூன்று முறை நேரம் வைத்துப் படிப்பது உதவும். அதற்கு முன் உண்மையில் குறை வேகம்தானா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 80 சொல் படிப்பவன்கூட சிபிஎஸ்இயின் இரண்டு பத்திகளையும் ஒன்பது நிமிடத்துக்குள் ஒரு முறை படித்துவிடுவான். நேரம் பறிபோவது முதல் வாசிப்பில் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பத்தியின் தலையிலிருந்து மறுபடி தொடங்குவதில்தான். ஒவ்வொரு பாராவின் ஓரத்திலும் இரண்டு சொல்லில் தமிழிலேயே தலைப்பு எழுதி வைத்தால், எந்தக் கேள்விக்கு எந்தப் பாரா என்று நேராகப் போய்விடலாம்.

பொதுத்தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது கணக்கு மாறும். கதைப் புத்தகம் படுக்கைக்குப் போகும் முன் பத்து நிமிடமாகச் சுருங்கட்டும். தேர்வுப் பத்தி வாரம் மூன்றாகட்டும், அதில் ஒன்று கட்டாயம் அட்டவணை உள்ளதாக. காரண எழுத்தை மட்டும் அப்போதும் விட்டுவிடாதீர்கள்.