சொந்தக்காரர்களிடம் இயேசுவைச் சொல்வது: கைப்பிரதியா, கூட்டமா, மௌனமா, கேட்டால் பதிலா?

திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் அண்ணன் வீட்டு வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் தொங்கும், தம்பி வீட்டில் கார்த்திகை விளக்கு எரியும், இரண்டு வீட்டுக்கும் தாத்தா ஒருத்தர்தான் என்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. நாலைந்து தலைமுறைக்கு முன்னாலேயே பிரிந்தவர்கள் என்பதால் யாருக்கும் அது உறுத்தாது, 'அவங்க வேதக்காரங்க' என்று சொல்லிவிட்டுக் கல்யாண வேலையைப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் கதை வேறு. நான்தான் முதல் ஆள். 24 வயசில் ஞானஸ்நானம் எடுத்தேன், இப்போது 17 வருஷம் ஆகிறது. இந்த 17 வருஷத்தில் அம்மா, பெரியப்பா, அத்தை, சித்தப்பா மக்கள் என்று எல்லாரிடமும் என் விசுவாசத்தைச் சொல்ல நாலு வழிகளையும் முயற்சி செய்து பார்த்துவிட்டேன். புதிதாக வந்த தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று. எனக்குக் கிடைத்ததை நல்லது என்று நான் உண்மையாக நம்பும்போது, என்னைத் தூக்கி வளர்த்தவர்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

முதல் வழி, நேரடியாகச் சொல்வது. கைப்பிரதி, அதாவது இயேசுவைப் பற்றி அச்சடித்த தாள் கொடுப்பது, வசனம் காட்டுவது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் வாக்குத்தத்த வசனம் போடுவது எல்லாம் இதில் சேரும். இதன் பலம், ஒளிவுமறைவு இல்லை. நீங்கள் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். 'விசுவாசம் கேள்வியினாலே வரும்', அதாவது காதால் கேட்பதால் வரும் என்று ரோமர் 10இல் இருக்கிறதே, வாயைத் திறக்காமல் எப்படி என்று இவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் ரோட்டில் முகம் தெரியாதவரிடம் ஒரு கைப்பிரதியைக் கொடுத்தால் அவர் வாங்கிக்கொண்டோ மடக்கிப் போட்டோ போய்விடுவார். பெரியப்பாவால் அப்படிப் போக முடியாது. உங்கள் கையில் இருக்கும் தாள், இத்தனை வருஷம் நாங்கள் கும்பிட்டது தப்பு என்று அவருக்குச் சொல்கிறது. நான் அதையும் தாண்டிப் போனேன். ஒரு பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள், எல்லாரும் எங்கள் சாஸ்தா கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அங்கே இருப்பது தெய்வமே இல்லை, பிசாசு என்று பெரியப்பா முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் மூன்று வருஷம் என்னோடு பேசவே இல்லை.

அதற்குப் பிறகுதான் மாற்கு 5ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தேன். பிசாசு பிடித்திருந்து குணமான மனுஷன் கூடவே வருகிறேன் என்கிறான், இயேசு அவனை வீட்டுக்கே அனுப்புகிறார், கர்த்தர் உனக்குச் செய்ததை உன் இனத்தாரிடம் போய்ச் சொல் என்கிறார். உனக்குச் செய்ததை. அவர்கள் சாமியைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. நான் சொன்னதில் என் கதையே இருக்கவில்லை, அவர்கள் மேல் குற்றச்சாட்டு மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது, கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது. கன்வென்ஷன், சுகமளிக்கும் கூட்டம், கிறிஸ்மஸ் ஆராதனை, இல்லாவிட்டால் வீட்டுக்குப் பாஸ்டரை வரவழைப்பது. நமக்குப் பேசத் தெரியாததை இன்னொருவர் பேசிவிடுகிறார் என்பது ஒரு நிம்மதி. கிறிஸ்மஸ் ஆராதனைக்குக் கூப்பிடுவதை நான் இன்றும் செய்கிறேன், அத்தை வருவார், பாட்டு அவருக்குப் பிடிக்கும். ஆனால் கேக் வெட்டப் போகிறோம் என்று கூட்டிப்போய் மூன்று மணி நேரப் பிரசங்கத்தில் உட்கார வைப்பது ஏமாற்று வேலை. சுகமாகும் என்று ஆசை காட்டி, நோயாளி அத்தையை ஜன நெரிசலில் நிற்க வைப்பது அதைவிட மோசம். என்ன கூட்டம், யார் பேசுவார், எத்தனை மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஞானஸ்நானம் வரைக்கும் பேச்சு வந்தால் இன்னும் வெளிப்படையாக இருக்க வேண்டும். பட்டியல் சாதிக் குடும்பம் என்றால், 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவராக மாறுகிறவருக்கு எஸ்சி தகுதி போய்விடும். பிள்ளையின் கல்லூரி இடமும் வேலையும் அதில் தொங்குகிறது. அந்த ஆணையே அநியாயம் என்பதுதான் என் எண்ணம், ஆனாலும் இப்படி ஒன்று இருக்கிறது என்பதை மறைத்துவிட்டு ஒருவரைத் தண்ணீரில் இறக்கக் கூடாது.

மூன்றாவது, மௌனமாக வாழ்ந்து காட்டுவது. பேதுரு இதைச் சொல்லியிருக்கிறார், விசுவாசியாத புருஷர்கள் போதனையின்றி மனைவிகளின் நடக்கையினாலேயே ஆதாயப்படுத்தப்படலாம், அதாவது விசுவாசத்துக்கு வரலாம் என்று. பெரியப்பா பேசாமல் இருந்த மூன்று வருஷமும் எனக்கு இந்த வழிதான் கைகொடுத்தது. ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவுக்கு நான் வரி கொடுக்கவில்லை, ஆனால் அந்த வாரம் ஊருக்குப் போய் விருந்தாளிகளுக்குத் தண்ணீர் சுமந்தேன், வண்டி ஓட்டினேன். சாப்பாட்டுப் பிரச்சினைதான் பெரிது. படைத்த பொங்கலைத் தட்டில் வைத்தால் என்ன செய்வது? எங்கள் சபையில் சிலர் தட்டையே தள்ளிவிடுவார்கள். 1 கொரிந்தியர் 10இல் பவுல், முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு, இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும் அவருக்காகச் சாப்பிடாதே என்கிறார். அம்மா அதைப் புரிந்துகொண்டு, படைப்பதற்கு முன்னாலேயே எனக்கு ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தார். அந்தக் கிண்ணத்தைப் போல என்னை நெகிழ வைத்தது வேறு எதுவும் இல்லை.

இந்த வழியின் குறை, அது நம்மைச் சோம்பேறி ஆக்கிவிடும். நான் நல்லவனாக இருந்தால் போதும் என்று வருஷங்களை ஓட்டலாம். 'பய திருந்திட்டான், கல்யாணம் ஆனதுல வந்த பொறுப்பு' என்றுதான் சித்தப்பா மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குடியை விட்டது யாரால் என்று நான் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்.

அதனால் நான் வந்து நிற்பது நாலாவது வழியில், கேட்டால் சொல்வது. அதே பேதுரு கொஞ்சம் தள்ளி, 1 பேதுரு 3:15இல், உங்களில் இருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு (பதில்) சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார். கேட்கிறவர்களுக்கு என்பது ஒன்று, ஆயத்தமாக என்பது இன்னொன்று, இரண்டும் வேண்டும். சட்டமும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது, ஆனால் அது கொள்கைகளை எடுத்துச் சொல்லும் உரிமைதான், இன்னொருவரை மாற்றும் உரிமை இல்லை என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பற்றி நம் ஆட்களுக்குக் கோபம் உண்டு. வீட்டுக்குள்ளே எனக்கு அது சரியாகவே படுகிறது. சொல்வது என் வேலை, மனசு மாறுவது என் கையில் இல்லை.

கேட்கும் அளவுக்கு அவர்கள் பக்கத்தில் நாம் இருக்க வேண்டும், அதுதான் இந்த வழியின் விலை. கேள்விகளும் நாம் எதிர்பார்ப்பது போல வராது. மீட்பு, பாவம் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. 'எனக்குக் கொள்ளி யாருடா வைப்பா?' என்று அம்மா கேட்டார். நான் வைப்பேன்மா, சடங்கில் எனக்கு முடியாதது எது என்று இப்போதே உட்கார்ந்து பேசிக்கொள்வோம் என்றேன். இரண்டு மணி நேரம் பேசினோம். என் விசுவாசத்தைப் பற்றி அம்மா முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

பெரியப்பாவுக்கு இதய ஆபரேஷன் என்றபோது ராத்திரி துணைக்கு நான்தான் இருந்தேன், ஒன்பது ராத்திரி. படுக்கையில் கிடக்கிறவரிடம் நாமாகப் பேச்சை எடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பயந்து கிடப்பவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஏழாவது ராத்திரி அவராகவே கேட்டார், 'தினமும் உக்காந்து என்னமோ முணுமுணுக்கியே, என்னலே சொல்லுத?' உங்களுக்காகத்தான் பெரியப்பா ஜெபிக்கிறேன் என்றேன். 'சத்தமா சொல்லு' என்றார். இரண்டு வாக்கியத்தில் முடித்தேன். கண்ணை மூடிக் கேட்டவர், கொஞ்ச நேரம் கழித்து, தலையணைக்குக் கீழே இருந்த விபூதிப் பொட்டலத்தைக் கை எட்டாமல் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன்.