கியூவா: ஃப்ரீபிஎஸ்டியோடு வரும் சோதனை ஓட்டி

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தை நிறுவும்போது திரையில் வரும் தெரிவுப் பட்டியலில் ‘டெஸ்ட்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலோர் அதைத் தொடாமலே கடந்துவிடுவார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால், அந்த இயங்குதளத்தை உருவாக்குவோர் தங்கள் வேலையைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் அதே சோதனைத் தொகுப்பு நம் கணினியிலும் வந்து சேரும். அந்தத் தொகுப்பை ஓட்டி, ஒவ்வொரு சோதனைக்கும் முடிவு சொல்லும் கருவிதான் கியூவா. 13ஆம் பதிப்பிலிருந்து அது அடிப்படை அமைப்பிலேயே இடம்பெற்றிருப்பதால் தனியாக நிறுவ வேண்டியதில்லை. நான் கவனித்துக்கொள்ளும் சேவையகங்களைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதற்கு முன்பு, அதே பதிப்பை ஒரு மெய்நிகர் கணினியில் ஏற்றி இந்தத் தொகுப்பை முழுமையாக ஓட்டிப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

இதன் வேர் நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில் இருக்கிறது. 2007இல் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தின் கீழ் ஹூலியோ மெரினோ அதற்காக ஏடிஎஃப் என்ற சோதனைச் சட்டகத்தை எழுதினார். சோதனைகளை எழுத உதவும் நூலகமும் அவற்றை ஓட்டும் கருவியும் அதில் ஒன்றாக இருந்தன. பின்னர் ஓட்டும் வேலையை மட்டும் பிரித்தெடுத்து அவரே புதிதாக எழுதியதுதான் கியூவா. ஆகவே ஏடிஎஃப் முறையில் எழுதப்பட்ட சோதனைகளோடு, வெளியேறும் குறியீட்டை (வெற்றியா தோல்வியா என்று முடியும்போது சொல்லும் எண்ணை) மட்டும் தரும் சாதாரண நிரல்களையும் இது ஏற்றுக்கொள்ளும்.

தொகுப்பு அடுக்கப்பட்டிருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. மூல நிரலில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை எந்த அடைவில் இருக்கிறதோ, அதற்குள்ளேயே அதன் சோதனைகளும் இருக்கின்றன. நிறுவிய பின்பும் அதே மர அமைப்பு ‘டெஸ்ட்ஸ்’ அடைவுக்குள் அப்படியே விரிகிறது. கட்டளையைத் திருத்துபவரின் கண்ணெதிரே சோதனை இருப்பதால், ஒன்றை மாற்றி மற்றொன்றை மறந்துவிடும் வாய்ப்பு குறைகிறது. ஒவ்வொரு அடைவிலும் எந்தெந்தச் சோதனை நிரல்களை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் கியூவாஃபைல் என்ற சிறு கோப்பு லுவா என்ற நிரல்மொழியில் இருக்கும். ஆனால் ஃப்ரீபிஎஸ்டியில் அதை யாரும் கையால் எழுதுவது அரிது. எதை எப்படித் தொகுக்க வேண்டும் என்று சொல்லும் மேக்ஃபைலில் சோதனையின் பெயரை ஒரு வரியாகச் சேர்த்தால், தொகுக்கும்போது அது தானாகவே உருவாகிவிடும். முழுத் தொகுப்பும் வேண்டாம் என்றால், வேண்டிய அடைவுக்குள் சென்று ‘கியூவா டெஸ்ட்’ என்று கட்டளையிட்டால் போதும்.

ஒவ்வொரு சோதனையும் தனிச் செயல்முறையாக, புதிதாக உருவாக்கப்பட்ட தற்காலிக அடைவில் ஓடுகிறது. மொழி அமைப்புகள் நீக்கப்படுகின்றன, நேர வலயம் உலகப் பொது நேரத்துக்கு மாற்றப்படுகிறது, ஹோம் அடைவும் அந்தத் தற்காலிக இடத்துக்கே நகர்கிறது. இந்திய நேரத்தில் ஓடும் என் கணினியிலும், வேறு நாட்டில் இருக்கும் நிரலாளரின் கணினியிலும் ஒரே சூழல் கிடைப்பதற்கு இதுவே காரணம். வேறு அளவு குறிப்பிடப்படாவிட்டால் 300 வினாடிகளில் சோதனை முடிய வேண்டும். முடியாவிட்டால் கியூவாவே அதைக் கொன்றுவிடும்.

முடிவுகளை இரண்டாக அல்லாமல் ஐந்தாகப் பிரித்திருப்பதுதான் இந்தக் கருவியின் சிறப்பு என்பேன். தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டோடு, உடைந்தது, எதிர்பார்த்த தோல்வி, தவிர்க்கப்பட்டது என்று மேலும் மூன்று இருக்கின்றன. சோதிக்கப்பட்ட பொருள் தவறாக நடந்துகொண்டால் அது தோல்வி. சோதனை நிரலே நிலைகுலைந்தாலோ, நேரம் கடந்தாலோ, தான் விட்டுச்சென்ற குப்பையை அகற்ற முடியாமல் போனாலோ அது உடைந்தது. எதிர்பார்த்த தோல்வி இன்னும் நுட்பமானது: ஏற்கெனவே பதிவாகியுள்ள ஒரு வழுவை (நிரல் பிழையை) சுட்டி, ‘இது இப்போதைக்குத் தோற்கும்’ என்று சோதனையே அறிவித்துவிடுகிறது. யாராவது அந்த வழுவைச் சரிசெய்துவிட்டால், தோற்க வேண்டியது தோற்கவில்லை என்று கியூவா அதைத் தோல்விக் கணக்கில் எழுதும். அறிவிப்பை நீக்கும்வரை விடாது.

தவிர்க்கப்பட்டவற்றைத்தான் நான் உட்கார்ந்து படிக்கிறேன். முதன்முதலாகச் சாதாரணப் பயனராக ஓட்டியபோது முடிவு மிக நல்லபடியாகத் தெரிந்தது. தோல்விகள் விரல்விட்டு எண்ணும் அளவே. விரிவான அறிக்கையைத் திறந்தபோதுதான் ‘ரூட் உரிமை (முழு நிர்வாக உரிமை) தேவை’ என்ற காரணத்தோடு வரிவரியாகத் தவிர்ப்புகள் நீண்டன. ரூட் பயனராக ஓட்டியபோது காரணங்கள் மாறின: இந்த நிரல் கிடைக்கவில்லை, சோதனைகள் பயன்படுத்தலாம் என்று நாம் ஒதுக்கும் வட்டுகளைக் குறிப்பிடும் ‘டிஸ்க்ஸ்’ என்ற அமைப்பு வரையறுக்கப்படவில்லை என்று. காரணத்தை மறைக்காமல் எழுதிவைப்பது கியூவாவின் நேர்மை. ஆனால் எத்தனை தவிர்க்கப்பட்டாலும் வெற்றிக் குறியீட்டோடுதான் அது வெளியேறுகிறது. அந்தக் குறியீட்டை மட்டும் பார்க்கும் தானியங்கி ஏற்பாட்டுக்கு, பாதித் தொகுப்பு ஓடாமல் போனதே தெரியாது. எனக்கு இருக்கும் பெரிய குறை இது. தவிர்ப்புப் பட்டியலை ஒவ்வொரு முறையும் முந்தைய பட்டியலோடு ஒப்பிடும் சிறு ஸ்கிரிப்டை நானே எழுத வேண்டியதாயிற்று.

‘டிஸ்க்ஸ்’ அமைப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் குறிப்பிடும் வட்டுகளில் உள்ள தரவைச் சோதனைகள் காப்பாற்ற வேண்டியதில்லை என்று கையேடு தெளிவாகவே சொல்கிறது. நான் படித்திருந்தேன். ஆனாலும், மெய்நிகர் கணினியில் இன்னொரு வட்டைச் சேர்த்தபோது பெயர்களின் வரிசை இடம் மாறியதைக் கவனிக்காமல் பழைய பெயரையே விட்டுவைத்து, மூன்று வாரங்களாகச் சேர்த்துவைத்த முடிவுக் கோப்புகளை இழந்தேன். தவறு முழுக்க என்னுடையது. இப்போது அந்தக் கணினியில் இழக்கக்கூடாத எதையும் வைப்பதில்லை.

சோதிக்கப்படும் அமைப்புக்குள்ளேயே ஓடுவதுதான் கியூவாவின் இயல்பான வரம்பு. ஒரு சோதனை இயங்குதளத்தின் மையமான கர்னலையே வீழ்த்திவிட்டால் கியூவாவும் சேர்ந்து விழும். மறுபடி எழுந்த பின் விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. ஆகவே வெளியிலிருந்து கவனிக்க ஒருவர் வேண்டும். நெட்பிஎஸ்டி உலகில் இந்த வேலையை அனிட்டா செய்கிறது: பைத்தானில் எழுதப்பட்ட அந்தக் கருவி, கியூஈஎம்யூ மெய்நிகர் கணினியில் இயங்குதளத்தை முதலிலிருந்து நிறுவி, கன்சோலில் வரும் எழுத்துகளைப் படித்தபடியே சோதனைகளை ஓட்டுகிறது. ஃப்ரீபிஎஸ்டி திட்டம் ஜென்கின்ஸ் என்ற தானியங்கிச் சேவையகம் வழியாகத் தன் சோதனைகளை ஓட்டுகிறது. தனியாளாக இருப்பவர் வெளியிலிருந்து கவனிக்கும் இத்தகைய ஓர் ஏற்பாட்டைத் தாமே செய்துகொள்ள வேண்டும்.

முடிவுகள் எஸ்க்யூலைட் தரவுத்தளமாகச் சேமிக்கப்படுவதால் பழைய ஓட்டங்களைத் தோண்டுவது எளிது. உலாவியில் படிக்க எச்டிஎம்எல், பிற கருவிகள் படிக்க ஜேயூனிட் ஆகிய வடிவங்களிலும் அறிக்கை கிடைக்கும். தோற்ற ஒரே ஒரு சோதனையை மட்டும் முனையத்தின் முன் ஓட்டிப் பார்க்க ‘கியூவா டீபக்’ இருக்கிறது. நான் அதிகம் தட்டச்சு செய்யும் கட்டளை இதுதான்.

வேகத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஒன்று: இயல்பாக ஒரு நேரத்தில் ஒரு சோதனை மட்டுமே ஓடும். இணையாக ஓட்டும் எண்ணிக்கையை நாமே உயர்த்தலாம். தனித்தே ஓட வேண்டும் என்று குறிக்கப்பட்டவை அப்போதும் கடைசியில் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்லும் என்பதால், மெய்நிகர் கணினிக்குக் கூடுதல் செயலி மையங்கள் கொடுத்தும் முழுத் தொகுப்பு நான் நினைத்த அளவுக்கு விரைவாக முடிவதில்லை. இரவில் ஓடவிட்டுக் காலையில் அறிக்கையைப் படிக்கிறேன்.