ஸ்டேஸுக்குள் எதைச் செருகுவது: கேபிள் டையா, செயற்கை பேலீனா, ஸ்டீலா, பிரம்பா?

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய உடையை வீட்டில் தைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கவுனில்தான் கை வைக்கிறார்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். துணி சரி, வெட்டு சரி, தையலும் சரி. போட்டுப் பார்த்தால் மார்புப் பகுதி மட்டும் சுருக்கம் சுருக்கமாக நின்றது. அப்புறம்தான் புரிந்தது: அந்தக் காலத்தில் கவுனை வெறும் உடம்பின்மேல் அளந்து வெட்டவில்லை, ஸ்டேஸின்மேல், அதாவது கவுனுக்கு உள்ளே பெண்கள் போட்ட, பட்டை செருகிய விறைப்பான உள்கச்சின்மேல் அளந்து வெட்டினார்கள். உள்ளே ஸ்டேஸ் இல்லையென்றால் வெளியே எவ்வளவு நல்ல பட்டு போட்டும் பயனில்லை.

ஸ்டேஸ் என்பது கார்செட்டுக்கு முந்தைய தலைமுறை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பொருள் வாங்கினால் பணம் வீண். விக்டோரியா காலக் கார்செட் இடுப்பை உள்ளே இழுத்து உடுக்கை வடிவம் கொடுக்கும். ஸ்டேஸ் அப்படிச் செய்யாது. மார்பை மேலே ஏந்தி, முன்பக்கத்தைச் சமமாக்கி, இடுப்பு வரை ஒரே நேர்கோட்டில் குறுகும். கவிழ்க்காமல் பிடித்த ஐஸ்கிரீம் கோன் மாதிரி.

அந்த நேர்கோடு வருவது துணிக்குள் செருகும் பட்டைகளால். அன்று அதற்குப் பயன்பட்டது பேலீன். 'திமிங்கில எலும்பு' என்று பெயர் விழுந்துவிட்டதே தவிர, அது எலும்பே இல்லை. சில வகைத் திமிங்கிலங்களின் மேல்தாடையில் சீப்புப் பல் போல வரிசையாகத் தொங்கி, கடல்நீரிலிருந்து இரையை வடிகட்டும் தகடு. நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான். மூங்கிலைப் பிளப்பது போல நீளவாக்கில் மெல்லிசாகப் பிளக்கலாம். உடம்புச் சூட்டில் இளகி, போட்டவரின் வடிவத்துக்குப் படிந்துகொள்ளும். 1603இல் இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் இறுதிச் சடங்குக்காகச் செய்த உருவத்துக்கு மாட்டிய உள்கச்சிலும் இருப்பது அதுதான். அது இன்றும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கிறது. வணிகத் திமிங்கில வேட்டையைச் சர்வதேசத் திமிங்கில ஆணையம் 1986 முதல் நிறுத்திவைத்திருக்கிறது. நமக்கு பேலீன் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். ஆகவே மாற்றுப்பொருளைப் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நிமிர்ந்தும் நிற்க வேண்டும், உடம்புக்கும் படிய வேண்டும், இது இரண்டையும் செய்யுமா?

முதலில் கேபிள் டை. எலெக்ட்ரிக்கல் கடையில் வயர்களைக் கட்டுவதற்கு விற்கும் அதே நைலான் பட்டை. எந்த ஊரிலும் கிடைக்கும், விலை மிகக் குறைவு, கத்தரிக்கோலாலேயே வெட்டலாம். 4.8 மி.மீ. அகலம் ஸ்டேஸுக்கு மெலிவு, அதை நம்ப வேண்டாம். 7.6 மி.மீ. வாங்குங்கள். நீளமும் பார்க்க வேண்டும். முன்பக்க நடுப்பட்டை 30 செ.மீ.யைத் தாண்டும், அதனால் 370 மி.மீ. நீளமுள்ளதை எடுத்தால் தலையை வெட்டி எறிந்த பிறகும் போதுமான அளவு மிஞ்சும்.

வெட்டிய முனையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கத்தரிக்கோல் பட்ட நைலான் மூலை கத்தி மாதிரி இருக்கும். என் முதல் ஸ்டேஸில் முனைகளை அப்படியே விட்டுவிட்டேன். இரண்டாம் முறை போட்டபோதே அக்குள் பக்கத்துப் பட்டை ஒன்று துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து கையைக் கீறிவிட்டது. இப்போது ஒவ்வொரு முனையையும் நகவெட்டியால் வளைவாக நறுக்கி, நகம் தேய்க்கும் அரத்தால் நாலு இழுப்பு இழுத்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்த பிறகே உள்ளே செருகுகிறேன். முழுவதும் பட்டை போட்ட ஸ்டேஸ் சிலவற்றில் நூற்றுக்கும் மேல் பட்டைகள் இருக்கும். ஒரு பட்டைக்கு இரண்டு முனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே போய்விடும், போகட்டும்.

கேபிள் டையின் உண்மையான குறை நாளடைவில்தான் தெரியும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு மடியும் இடத்தில் அது வளைந்து அப்படியே நின்றுவிடும். பேலீனும் படியும்தான், ஆனால் மெதுவாக, உடம்பின் வளைவுக்கு. நைலான் வேண்டாத இடத்தில் மடிந்துகொள்ளும். அதோடு ஒரு பக்கம் பற்கள் வேறு. அந்தப் பக்கத்தை வெளித்துணி பார்த்து வைத்தால் மெல்லிய பட்டின்மேல் கோடு கோடாகத் தெரியும். உடம்பு பார்த்த பக்கமாக வையுங்கள். உள்ளே லைனிங்கும், உடம்பை ஒட்டிப் போடும் ஷிஃப்ட் என்ற தளர்வான உள்ளாடையும் இருப்பதால் உறுத்தாது.

செயற்கை பேலீன் ஜெர்மனியில் தயாராகும் பிளாஸ்டிக் பட்டை. 5 மி.மீ., 7 மி.மீ. என்று பல அகலங்களில் சுருளாக வருகிறது, கனம் 1.5 மி.மீ. அளவு. வரவழைக்கும் கூரியர் செலவு கொஞ்சம் வலிக்கும். சுருளிலிருந்து வெட்டியதும் வில் மாதிரி வளைந்தே நிற்கும். துணி போட்டு மூடி, இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்து நீவினால் நிமிர்ந்துவிடும். இதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நடந்தாலே வித்தியாசம் தெரிகிறது. முதலில் பலகை மாதிரி இருக்கும், பிறகு விலா எலும்புகளின் மேல் மெதுவாகப் படியும். கழற்றி வைத்தாலும் உங்கள் உடம்பின் வடிவம் அதில் கொஞ்சம் தங்கியிருக்கும். மூச்சு விடுவதும் எளிது. 5 மி.மீ. பட்டையே போதுமான விறைப்பு தருவதால் பழைய ஸ்டேஸ்களில் பார்க்கும் நெருக்கமான, ஒல்லியான தையல் வரிகளும் கிடைக்கும். 7.6 மி.மீ. கேபிள் டையில் அந்த அழகு வராது.

ஸ்டீல் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பின்னல் கம்பி போல் இருக்கும் ஸ்பைரல் ஸ்டீல் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. பக்கவாட்டிலும் வளையும் என்பதால் உடுக்கை வடிவக் கார்செட்டுக்கு அருமையானது. ஸ்டேஸுக்கு அந்த வளைவே எதிரி. தட்டை ஸ்டீல் நேராக நிற்கும், ஆனால் உடம்புக்குப் படியாது, கனம் ஏறும், பூச்சு உரிந்தால் வியர்வையில் துருவேறும்.

பிரம்பின்மேல் எனக்குத் தனிப் பிரியம். கூடை முடையும் பிரம்பின் உள்தண்டை நனைத்து நிமிர்த்திச் செருகினால், நான்கிலும் எடை குறைந்தது இதுதான். வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. பேலீன் வாங்க முடியாதவர்கள் காய்ந்த புல்தண்டுகளைக் கட்டுக்கட்டாகச் செருகியிருக்கிறார்கள். ஆனால் இடுப்பில் மடியும் இடத்தில் பிரம்பு ஒடியும், ஒடிந்த சிம்பு துணியைத் துளைக்கும். அடிக்கடி போடப்போகும் உடைக்கு வேண்டாம்.

முதல் ஸ்டேஸ் என்றால் கேபிள் டை வாங்குங்கள். அளவு பழக, தவறு செய்ய, பிரித்துத் தைக்க அதுவே நல்லது. இரண்டாவதற்குச் செயற்கை பேலீனைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். காரணம் பட்டையில் மட்டும் இல்லை. பின்பக்கம் நாடா கோக்கும் கண்களை நினைத்துப் பாருங்கள். உலோக வளையம் 1820களில்தான் வந்தது. 1770களின் ஸ்டேஸ் என்றால் குத்தூசியால் இழை அறுபடாமல் துளையை விரித்து, காஜா போடுவது போல நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். ஒரு கண்ணுக்கு எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது, இரண்டு பக்கமும் சேர்த்து இருபதுக்கு மேல். இவ்வளவு கை உழைப்பைப் போட்டுவிட்டு, இடுப்பில் மடிந்துபோகும் நைலானை உள்ளே வைக்க மனம் வருவதில்லை. செலவு இடித்தால் 1780களின் பாதிப் பட்டை ஸ்டேஸை, அதாவது இடைவெளி விட்டுப் பட்டை செருகும் வகையைத் தேர்ந்தெடுங்கள். மிகக் குறைந்த பட்டையே பிடிக்கும்.

எதை எடுத்தாலும் துணியில் முதல் வரி ஓட்டுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பட்டை நுழையும் தையல் பாதை பட்டையைவிட ஒன்று, ஒன்றரை மி.மீ. மட்டுமே அகலமாக இருக்கலாம். 5 மி.மீ.க்குத் தைத்த பாதையில் 7.6 நுழையாது, 7.6க்குத் தைத்ததில் 5 போட்டால் புரண்டுகொண்டே இருக்கும். ஸ்டேஸுக்கு எடுத்த லினனில் மீந்த இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மூன்று பாதை தைத்து, பட்டையைச் செருகி, முழங்காலில் வைத்து வளைத்துப் பாருங்கள். நடுப்பட்டை திரும்பாமல் நின்றால் அந்த அளவுதான்.