பெட்டியில் '4கே' என்று போட்டிருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் யாராவது 4கே டிஸ்க் பிளேயர் வாங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்குப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

தீபாவளிக்கு முன் அப்பாவுக்காக வாங்கினேன். 34 வருடம் தோட்டத்தில் உழைத்தவர். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலத்தை இன்னும் ஆசையாகச் சொல்வார். வீட்டில் 4கே டிவி இருக்கிறது, 2011-ல் வாங்கிய ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. பிளேயர்தான் இல்லை.

கடைத்தெருவில் ஒரு கடையில் தெளிவாகவே கேட்டேன்: "தம்பி, இதுல 4கே டிஸ்க் ஓடுமா?" பெட்டியைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கண்ணே, 4கேன்னு போட்டிருக்கே." 590 வெள்ளி (ரிங்கிட்). இது இல்லாமல் 4கே வராது என்று சொல்லி, 180 வெள்ளிக்கு ஒரு எச்டிஎம்ஐ கேபிளையும் தலையில் கட்டினார்.

வீட்டுக்கு வந்து டிஸ்க்கைப் போட்டால் படிக்கவில்லை. வாங்கி வைத்திருந்த மூன்றும் அப்படியே. பழைய டிவிடி மட்டும் நன்றாக ஓடியது. அப்பா ஒன்றும் சொல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கடைக்குப் போனேன். "டிஸ்க் டூப்ளிகேட்டா இருக்கும்ணே." இரண்டு நாள் கழித்துப் போனபோது, "இது வேற ரீஜன்." அதற்கடுத்த முறை, "அப்டேட் வரணும், அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரம் போனால் ரிசீட்டைக் காட்டுகிறார்: ஏழு நாளுக்குள் மட்டும்தான் மாற்றித் தருவார்களாம். அந்த ஏழு நாளைக் கழிக்கத்தான் என்னை அலைய வைத்திருக்கிறார்கள்.

சொன்னதெல்லாம் பொய். டிவிடிக்கும் சாதாரண புளூ-ரேக்கும் ரீஜன், அதாவது எந்தப் பகுதி நாடுகளில் ஓடும் என்ற பூட்டு, உண்டு. 4கே டிஸ்க்குக்கு, அதாவது 2016-ல் வந்த அல்ட்ரா எச்டி புளூ-ரேக்கு, ரீஜன் பூட்டே கிடையாது. டூப்ளிகேட்டும் இல்லை: மச்சான் வீட்டில் டிஸ்க் போடும் பிஎஸ்5 கேம் கருவி இருக்கிறது, மூன்றும் அதில் ஓடின. அதன் பிறகுதான் பெட்டியை நிதானமாகப் படித்தேன். 4கேவுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'அப்ஸ்கேலிங்'. அதாவது இது சாதாரண புளூ-ரே பிளேயர். பழைய படத்தை 4கே அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். 4கே டிஸ்க் 100 ஜிபி வரை கொள்ளும், படம் எச்இவிசி என்ற சுருக்கும் முறையில் பதிவாகியிருக்கும். இந்த பிளேயரால் அதைப் படிக்கவே முடியாது, எந்த அப்டேட் வந்தாலும் சரி. பெட்டியில் 'அல்ட்ரா எச்டி புளூ-ரே' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே கடையில் ஆம்ப்ளிஃபயரையும் மாற்றச் சொன்னார்கள், 3,200 வெள்ளி. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறை இருக்காது, அதன் வழியாக 4கே படம் போகாது; அது உண்மைதான். ஆனால் இரண்டு எச்டிஎம்ஐ துளை உள்ள பிளேயராகப் பார்த்து வாங்கினால், ஒன்றை நேராக டிவிக்கும் மற்றதை ஒலிக்கு மட்டும் ஆம்ப்ளிஃபயருக்கும் கொடுக்கலாம். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ்தான் கிடைக்காது, மற்றபடி பழைய ஆம்ப்ளிஃபயரே போதும். டிவியிலும் எல்லாத் துளையும் எச்டிசிபி 2.2 ஏற்காது, கையேட்டைப் பார்த்துச் சொருகுங்கள். கேபிளுக்கு 180 வெள்ளி தேவையே இல்லை. நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் என்று சான்று உள்ள சாதாரண கேபிள் போதும்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று கடையில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்து நானும் முதலில் அடங்கிப்போனேன். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை அந்த அட்டை பறித்துவிட முடியாது. சொன்ன வேலையைச் செய்யாத பொருளுக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். ரிசீட், பெட்டியின் படம், கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன்.

கடைக்குக் கடிதம் போன மூன்றாம் நாள் அதே தம்பி கூப்பிட்டார். பிளேயருக்கு 590 வெள்ளி திரும்ப வந்துவிட்டது. கேபிள் பணம் வரவில்லை. அதற்காக மனுவை மீட்டுக்கொள்ளாமல் வைத்திருக்கிறேன்.