இரண்டு மணி நேரத்தில் முத்துப்பட்டன்: ஓர் அரங்க வில்லுப்பாட்டு எப்படி இருந்தது?

நெல்லைச் சீமைக் கோயில் கொடை விழாக்களில் இரவெல்லாம் நீளும் முத்துப்பட்டன் கதையை, குளிரூட்டிய அரங்கில் இரண்டு மணி நேரத்துக்குள் பாடி முடிக்கிறது இந்த ஏழு பேர் குழு. முன்பாதியில் வெட்டியதெல்லாம் சரியான வெட்டு. தொடக்கப் பாட்டுகளான காப்பு, குருவடி, அவையடக்கம் பத்து நிமிடத்தில் முடிகின்றன. நாட்டுவளத்துக்கு ஒரே விருத்தம். உடனே, பிராமணனான முத்துப்பட்டன் காதலிக்கும் அக்கா தங்கை பொம்மக்கா, திம்மக்காவின் பாட்டுச் சத்தம் காட்டில் கேட்கிறது.

கதையின் உயிர், அவர்களின் அப்பாவான செருப்புத் தைக்கும் வாலப்பகடை பெண் கொடுக்கப் போடும் நிபந்தனையில் இருக்கிறது: பூணூலை அறுக்கணும், குடுமியை எடுக்கணும், செருப்புத் தைக்கப் பழகணும். இந்த இடத்தில் முதன்மைப் பாடகரான புலவர், வில்லின் நாணை அடிக்கும் வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு வெறும் பேச்சில் சொல்கிறார். குடம் மட்டும் மெதுவாக நடக்கிறது. பின்பாட்டுக்காரர் போடும் ‘ஆமா’ முதலில் நக்கல், பிறகு சந்தேகம், கடைசியில் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அந்தப் பெண்கள் பிறப்பில் பிராமணர்தான் என்று கதையின் சில வடிவங்களில் ஒரு முடிச்சு வரும். பிற்காலத்தில் ஒட்டவைத்தது என்று ஆய்வாளர்கள் சொல்லும் அதை இவர்கள் பாடவில்லை. நல்லது, பாடியிருந்தால் பட்டன் பூணூலை அறுத்ததற்கே பொருள் இல்லாமல் போயிருக்கும்.

பின்பாதியில்தான் அவசரம். மாடு திருட வந்தவர்களோடு பட்டன் மோதிச் சாவதும், பெண்கள் சிங்கம்பட்டியில் தீப்பாய அனுமதி கேட்பதும் கால் மணி நேரத்தில் பறக்கின்றன. கொடையில் சாமி வந்து ஆடுபவர் அடங்கும்வரை புலவர் துரித தாளத்தை நிறுத்த மாட்டார். அரங்கில் அந்தத் தேவை இல்லை. அதற்காகச் சாவைச் சுருக்கலாமா? காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக, அதாவது சாமியாக நிற்கும் முத்துப்பட்டனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. முடிவில் வாழ்த்தான வாழி பாடுமுன் அதை ஒரு வரியில் சொல்லியிருந்தால்கூட கதை முழுசாகியிருக்கும்.

பெரிய குறை ஒலியமைப்பு. புலவரின் மைக்கை நாணுக்கு மேலேயே நிறுத்திவிட்டார்கள். வில்லில் கட்டிய மணிகள் ஒவ்வொரு அடிக்கும் குலுங்குவதால் ச, த போன்ற எழுத்துகள் அதில் கரைந்து வசனம் பாதிதான் காதில் விழுகிறது. குடத்து மைக் குடத்தின் வாய்க்கு நேராக இருந்தது. குடத்தைத் தட்டும் பத்தியால் அடிக்கும்போதெல்லாம் ‘கும்’மென்ற அதிர்வு அரங்கை நிரப்பி உடுக்கையை விழுங்கியது. சட்டை காலரில் மாட்டும் மைக் புலவருக்கு. குடத்துக்கு ஒரு சாண் தள்ளி, பக்கவாட்டில். உடுக்கைக்குத் தனியாக ஒன்று. இவ்வளவு செய்தாலே தீர்ந்திருக்கும். ஏசிக் காற்றில் தோல் காய்ந்து உடுக்கையின் சுருதி ஏறியதும் தெரிந்தது. குளிர் போட்ட பிறகு, அதே அரங்கில் அரை மணி நேரம் வைத்திருந்து சுருதி சேர்ப்பதே வழி.

இந்த நிகழ்ச்சியைத் தங்கள் ஊர் விழாவுக்கு அழைக்க நினைப்பவர்கள் கால் மணி நேரம் கூடுதலாகக் கொடுத்து, பின்பாதியை வெட்டாமல் பாடச் சொல்லிக் கேளுங்கள். வில்லே ஏறக்குறைய 10 அடி வரும், இருபுறமும் ஆள் உட்கார வேண்டும். மேடை 16 அடிக்குக் குறைந்தால் தாளக்காரர் ஓரத்தில் ஒடுங்கிவிடுவார். பார்க்கப் போகிறவர்கள் முதல் இரண்டு வரிசையைத் தவிர்க்கலாம். எல்லோரும் தரையில் உட்கார்ந்து பாடுவதால், உயர்ந்த மேடை என்றால் அங்கிருந்து தலைப்பாகை மட்டும்தான் தெரியும்.