தொலைவழிக் கற்றல் காலத்து வாராந்திர ஆசிரியர் குறிப்பு: எது எடுபட்டது, எது எடுபடவில்லை

2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1ஆம் தேதி. இடைப்பட்ட காலம் முழுக்கத் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் வந்து குவிந்த தகவல்களுக்கு அளவில்லை: கல்வித் தொலைக்காட்சி நேர அட்டவணை, பாடநூல் வழங்கல், சத்துணவுக்குப் பதிலான அரிசி பருப்பு, எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, புதிய சேர்க்கை, யார் என்றைக்குப் பள்ளிக்கு வர வேண்டும் என்ற முறைப்பணி. பள்ளி நடக்கும்போது இதெல்லாம் காலை வழிபாடு முடிந்ததும் ஐந்து நிமிடத்தில் பேசி முடிக்கிற சங்கதி. சுற்றறிக்கைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் தீர்ந்தது. அந்தப் பதிவேட்டின் இடத்துக்கு வந்ததுதான் தலைமையாசிரியர் வாரம் ஒருமுறை அனுப்பும் குறிப்பு. வாட்ஸ்அப், பிடிஎஃப், வாய்ஸ் மெசேஜ், கூகுள் டாக்ஸ், கூகுள் ஷீட், கூகுள் மீட் எல்லாவற்றிலும் இதை நீண்ட நாள் ஓட்டிப் பார்த்த அனுபவத்தில் எழுதுகிறோம். ஐந்து முதல் பன்னிரண்டு ஆசிரியர் உள்ள பள்ளிக்கு இது பொருந்தும். ஈராசிரியர் பள்ளிக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை, ஒரு போன் போதும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குறிப்பு ஒரே இடத்தில், ஒரே லிங்கில், புதியது மேலே இருக்கும்படி இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பை அது வந்துவிட்டது என்று சொல்ல மட்டும் பயன்படுத்த வேண்டும். குறிப்பையே குரூப்பில் போட்ட பள்ளிகள் திண்டாடின.

காரணம் எளிது. அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேலேயே விரலை வைத்துத் தம்ஸ்அப் போடும் வசதி கிடையாது, அது 2022 மே மாதத்தில்தான் வந்தது. அதனால் தலைமையாசிரியர் ஒரு தகவல் போட்டால் அதற்குக் கீழே ‘நன்றி சார்’, ‘பார்த்தேன் டீச்சர்’, கும்பிடும் கை என்று வரிசையாக வந்து விழும். அதற்குள் வட்டாரக் கல்வி அலுவலர் குரூப்பிலிருந்து இன்னொரு செய்தி ஃபார்வர்டு ஆகும். வெள்ளிக்கிழமை போட்டதைத் திங்கள்கிழமை தேடினால் நூறு செய்திக்கு மேலே போய்விட்டிருக்கும். குரூப்பில் ஒரு செய்தியைப் பின் செய்து வைக்கவும் அப்போது வழியில்லை. அட்மின் மட்டுமே பதிவிடலாம் என்று அமைப்பை மாற்றினால் இரைச்சல் அடங்கும். ஆனால் ஆசிரியர்கள் சந்தேகத்தைத் தனித்தனியே கேட்பார்கள், ஒரே கேள்விக்குத் தலைமையாசிரியர் எட்டுப் பேருக்குப் பதில் எழுத வேண்டியிருக்கும். இரண்டு குரூப் வைப்பது நல்லது: அறிவிப்புக்கு அட்மின் மட்டும் எழுதும் ஒன்று, பேச்சுக்கு இன்னொன்று. நிரந்தர லிங்கை குரூப்பின் விவரக் குறிப்புப் பகுதியில் ஒட்டி வைக்கலாம். அது செய்திகளோடு மேலே நகர்ந்து போகாது, மாறுதலில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கும் கண்ணில் படும். பழைய செய்திகள் தானாக அவருக்குத் தெரியாது என்பதால் இது முக்கியம்.

இரண்டு நீல டிக்கை நம்ப வேண்டாம். செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவல் பகுதிக்குப் போனால் யார் யார் பார்த்தார்கள் என்று தெரியும். திறந்தார்கள் என்பது வரைக்கும்தான் அது சொல்லும். படிக்கப்பட்டதா என்று அறிய, குறிப்பின் கடைசியில் பதில் கேட்கும் ஒரு சின்னக் கேள்வி வைப்பது பலன் தந்தது: ‘உங்கள் வகுப்பில் பாடநூல் வாங்க வராத பிள்ளைகள் எத்தனை பேர்? எண் மட்டும் அனுப்பவும்.’ எண் வராத இடத்துக்குப் போன் செய்தால் போதும்.

வாய்ஸ் மெசேஜ் கேட்கச் சுகம். டைப் செய்யத் தடுமாறும் மூத்த ஆசிரியர்கள் அதைத்தான் விரும்பினார்கள். ஆனால் ஐந்து நிமிடப் பேச்சில் ஒரு தேதியைத் தேட முழுவதையும் திரும்பக் கேட்க வேண்டும். தலைமையாசிரியருக்குத் தட்டச்சு சிரமம் என்றால் ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையின் தமிழ்க் குரல் தட்டச்சு கைகொடுக்கும். பேசிவிட்டு, எண்களையும் பெயர்களையும் மட்டும் கண்ணால் சரிபார்க்க வேண்டும், பிழை அங்கேதான் விழும்.

பிடிஎஃப்பில் ஒரு தனிச் சிக்கல். அலுவலகக் கணினியில் வானவில் அவ்வையார் எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைலை அப்படியே அனுப்பினால் போனில் கட்டமும் குறியுமாகத் தெரியும், ஏனென்றால் அந்த எழுத்துரு போனில் கிடையாது, அது எல்லாக் கருவியிலும் ஒரேபோலத் தெரியும் யூனிகோடு முறையும் அல்ல. பிடிஎஃப்பாக மாற்றினால் படிக்கலாம். ஆனால் அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் மறுபடியும் குப்பையாக வரும், தேடினாலும் சொல் அகப்படாது. குறிப்பை முதலிலிருந்தே யூனிகோடில் அடிப்பதுதான் வழி. இன்னொன்று, பிடிஎஃப்பில் திருத்தம் செய்தால் பழையதும் புதியதும் சேர்ந்தே சுற்றும். எது கடைசி என்று யாருக்கும் தெரியாது.

கூகுள் டாக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. ஒரே டாக்குமெண்ட், ஒவ்வொரு வாரமும் மேலே புதிய தலைப்பு. தலைப்பைத் தடித்த எழுத்தாக மட்டும் போடாமல் ‘தலைப்பு 1’ பாணியில் போட்டால் போனிலும் பொருளடக்கம்போல வாரங்கள் வரிசையாக விழும். பகிர்வு அமைப்பில் ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று வைக்க வேண்டும். கட்டுப்பாட்டில் விட்டுவிட்டால் திறக்கிற ஒவ்வொருவரிடமிருந்தும் அனுமதி கேட்டு மெயில் வரும், அந்த மெயிலை யாரும் உடனே பார்ப்பதில்லை. திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும் இருக்கட்டும். எல்லோருக்கும் கொடுத்தால் போனில் யாராவது திருத்தும்போது விரல் பட்டு ஒரு பத்தி அழிந்துபோகலாம். அப்படி அழிந்தாலும் பதிப்பு வரலாற்றில் மீட்கலாம், அதைக் கணினியில் செய்வது எளிது. படங்களை இதில் ஒட்டக் கூடாது. பத்து வாரப் படம் சேர்ந்தால் குறைந்த விலை போனில் திறக்கவே திணறும். பருவத்துக்கு ஒரு டாக்குமெண்ட் என்று பிரித்துக்கொண்டு, புதியதன் முதல் வரியில் பழையதன் லிங்கைக் கொடுத்துவிடலாம்.

இனி, எதை எழுதுவது. கருவி எதுவானாலும் குறிப்பு பிழைப்பதும் சாவதும் இதில்தான் இருக்கிறது. மேலிடத்திலிருந்து ‘செயல்முறைகள்’ என்ற பெயரில் வரும் அலுவலக ஆணைகள் ந.க.எண் (கோப்பு எண்), பார்வை, பொருள் என்று தொடங்கி நான்கு பக்கம் ஓடும். அதில் நம் பள்ளிக்கு உரியது இரண்டு வரி இருக்கும். அந்த இரண்டு வரியைப் பிரித்தெடுத்து, யார், எதை, எப்போதைக்குள் என்று மாற்றிக் கொடுப்பதுதான் வாராந்திரக் குறிப்பின் வேலை. ‘அனைத்து ஆசிரியர்களும் பாடநூல் தேவை விவரங்களை உரிய காலத்தில் தவறாது அளித்திட அறிவுறுத்தப்படுகிறது’ என்று இருப்பதை அப்படியே ஒட்டினால் எல்லோரும் வேறு யாரோ செய்வார்கள் என்று இருந்துவிடுவார்கள். ‘2, 4ஆம் வகுப்பு ஆசிரியர்கள்: பாடநூல் குறைவு எண்ணிக்கையை ஷீட்டில் உங்கள் வகுப்பு வரிசையில் புதன் மாலை 4 மணிக்குள் போடவும். மற்றவர்களுக்கு வேலை இல்லை’ என்றால் நடக்கும். கடைசியில் உள்ள ‘மற்றவர்களுக்கு வேலை இல்லை’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். வீட்டில் சொந்தப் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பையும் பார்த்துக்கொண்டு, ஒரே போனில் எல்லாம் செய்த ஆசிரியர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய நிம்மதி.

பயன்பட்ட வடிவம் ஒன்றை மாதிரிக்குத் தருகிறோம், எண்கள் எடுத்துக்காட்டுக்கு:

‘வாரம்: 2020 செப்டம்பர் 14 – 18.
இந்த வாரம் மாறியது: 3ஆம் வகுப்பு கல்வித் தொலைக்காட்சி நேரம். புதிய அட்டவணை லிங்க் கீழே.
முறைப்பணி: திங்கள், புதன் – 1, 2ஆம் வகுப்பு ஆசிரியர்கள். செவ்வாய், வியாழன் – 3, 4, 5.
அரிசி வழங்கல்: வியாழன் 10 மணி – 3ஆம் வகுப்பு, 11.30 – 4ஆம் வகுப்பு. 3ஆம் வகுப்பு 28 பேர், 20 நாள், தலைக்கு நாளொன்றுக்கு 100 கிராம், மொத்தம் 56 கிலோ. பெற்றோர் பை, முகக்கவசத்தோடு வர வேண்டும்.
தொடர்பில் இல்லாதவர்கள்: 3ஆம் வகுப்பில் 3, 5ஆம் வகுப்பில் 2.
கேட்கப்பட்ட விவரம்: ஒன்று. கடைசி நேரம் புதன் 4 மணி.
இன்னும் தெளிவாகாதது: சேர்க்கைக்கு மாற்றுச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள். வட்டார அலுவலகத்தில் கேட்டிருக்கிறோம், அடுத்த வாரம் சொல்கிறோம்.’

மொத்த அரிசியைக் கிலோவில் எழுதுவது தேவையற்ற கணக்காகத் தோன்றலாம். தேசிய அளவின்படி தொடக்க நிலைக்கு நாளொன்றுக்கு 100 கிராம், 6 முதல் 8 வரை 150 கிராம். நடுநிலைப் பள்ளியில் இரண்டும் கலந்து நிற்கும்போது அளந்து போடுகிறவர் கை தவறினால் கடைசி வகுப்புக்கு மூட்டை பற்றாது. வகுப்புவாரி மொத்தம் முன்கூட்டியே குறிப்பில் இருந்தால் சத்துணவு அமைப்பாளரும் அதைப் பார்த்து மூட்டைகளைப் பிரித்து வைத்துவிடுவார்.

‘இன்னும் தெளிவாகாதது’ பகுதிதான் இந்த வடிவத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்தது. பள்ளி எப்போது திறக்கும், தேர்வு உண்டா என்ற வதந்திகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், உறுதியாகாததை உறுதியாகவில்லை என்று தலைமையாசிரியரே எழுதிவிட்டால் பாதிக் கேள்வி அடங்கிவிடும்.

நீளம் 300 சொல்லைத் தாண்ட வேண்டாம். போனில் மூன்று நான்கு முறை தள்ளினால் முடிந்துவிட வேண்டும். அனுப்பும் நேரம் வெள்ளி மாலை 4 மணி. ஞாயிறு இரவு அனுப்பினால் திங்கள் காலை வேலைக்கு ஆள் தயாராக இருக்க மாட்டார்கள், விடுமுறையும் கெடும். நடுவில் ஏதாவது மாறினால் அதே டாக்குமெண்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் ‘திருத்தம், 15.9’ என்று போட்டு, அந்த ஒரு வரியை மட்டும் குரூப்பில் சொல்ல வேண்டும். தனிக் குறிப்பாக இன்னொன்று அனுப்பினால் வாராந்திரக் குறிப்பு என்ற பழக்கமே உடைந்துவிடும்.

பிள்ளைகள் தொடர்புப் பட்டியலுக்கு கூகுள் ஷீட்தான் சரி. டாக்குமெண்டுக்குள் அட்டவணையாகப் போட்டால் போனில் படிக்கவே முடியாது. வகுப்புக்கு ஒரு தாள். இருக்க வேண்டிய நெடுவரிசைகள்: பெயர், வீட்டில் என்ன இருக்கிறது (டிவி, ஆண்ட்ராய்டு போன், பட்டன் போன், எதுவும் இல்லை), போன் வீட்டில் இருக்கும் நேரம், பக்கத்து வீட்டு எண், கடைசியாகப் பேசிய தேதி. போன் எண்ணைப் பதிவு செய்யும் பள்ளிகள் நேரத்தைப் பதிவு செய்வதில்லை. அப்பாவோடு வேலைக்குப் போன போன் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு திரும்பும். பகல் 11 மணிக்கு அழைத்துவிட்டு ‘எடுக்கவில்லை’ என்று எழுதினால் அந்தப் பிள்ளை காரணமே இல்லாமல் தொடர்பற்றவர் பட்டியலில் சேர்ந்துவிடும். செங்கல் சூளை, கட்டட வேலை என்று குடும்பத்தோடு இடம் மாறுகிறவர்கள் சிம்மையும் மாற்றிவிடுவார்கள். அப்போது பக்கத்து வீட்டு எண்தான் நூல்முனை. கடைசியாகப் பேசிய தேதி மூன்று வாரம் பழையதாகிவிட்டால் அந்தப் பெயர் குறிப்பில் ஏற வேண்டும், யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இந்தத் தாளை ஆசிரியர்கள் மட்டுமே திறக்கும்படி கட்டுப்படுத்தி வைக்க வேண்டும், பிள்ளைகளின் பெயரும் எண்ணும் அதில் இருக்கின்றன.

ஷீட்டில் அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. ஒருவர் பெயர் நெடுவரிசையை மட்டும் அகர வரிசையாக்கிவிட்டால் பெயர் ஒரு பக்கம், எண் ஒரு பக்கம் மாறிப்போகும். தலைப்பு வரியையும் பெயர்களையும் பூட்டி வைத்துவிடலாம். அடுத்தது, விவரத்தை எக்ஸெலில் கேட்கும்போது ஆதார் எண் 12 இலக்கம் என்பதால் இடையில் ‘E+11’ என்று மாறிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் உள்ள வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகவே ஆகிவிடும், அதை மீட்கவும் முடியாது. எண் போடுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்ற வேண்டும். ஆதார், வங்கி எண்களை வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்லவே கூடாது.

கூட்டம் பற்றிச் சுருக்கமாக. குறிப்பு ஒழுங்காகப் போனால் வாரக் கூட்டம் 20 நிமிடத்தில் முடியும். ஜூம் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் துண்டிக்கும். கூகுள் மீட்டில் கேமராவை அணைத்துவிட்டால் சிக்னல் குறைந்த ஊரிலும் தாக்குப்பிடிக்கும். ஐந்து ஆசிரியர் பள்ளிக்குச் சாதாரண கான்ஃபரன்ஸ் காலே போதும், அழைப்பவரோடு ஆறு பேர் வரை சேரலாம், டேட்டாவும் செலவாகாது. குறிப்பில் இருப்பதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டாம். தொடர்பில் இல்லாத பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசினால் அந்த 20 நிமிடம் பயனுள்ளது.

2021 நவம்பரில் பிள்ளைகள் சுழற்சி முறையில் வந்தபோது குறிப்பை நிறுத்திய பள்ளிகள் உண்டு. எந்தக் குழு எந்த நாள் என்பதில்தான் அப்போது அதிகக் குழப்பம், குறிப்பு அப்போதும் தேவைப்பட்டது. மாலையில் பிள்ளைகளின் வீட்டருகே பாடம் சொல்லித்தந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத் தன்னார்வலர்களுக்கும் விவரம் சொல்ல வேண்டி வந்தது. அவர்களுக்கு இதே லிங்கைக் கொடுக்காமல், வகுப்பில் நடக்கும் பாடம், வராத பிள்ளைகள் என்று மூன்று வரியைத் தனியாக அனுப்புவது நல்லது.

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒன்று. டாக்குமெண்ட் தலைமையாசிரியரின் சொந்த ஜிமெயிலில் இருந்தால், அவர் மாறுதலிலோ மே 31 ஓய்விலோ போகும்போது எல்லாமும் அவரோடு போய்விடும். பள்ளிப் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, மீட்பு எண்ணாக ஒருவரின் போனையும் மீட்பு மின்னஞ்சலாக இன்னொருவரின் முகவரியையும் தந்து, பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவி, முத்திரையோடு அந்தக் கடவுச்சொல்லையும் சேர்க்க வேண்டும். பருவ முடிவில் டாக்குமெண்டைப் பிடிஎஃப்பாக இறக்கி அச்செடுத்துச் சுற்றறிக்கைக் கோப்பில் வைத்தால் ஆய்வுக்கு வருகிறவர் கேட்கும்போது கையில் இருக்கும்.